சக்திமானா, ஸ்டாலியனா? பழைய ராணுவ லாரி வாங்க வழி சொல்லுங்கள்

காங்கயம் தோட்டத்துக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் தோட்டம். பாதி தென்னை, பாதி கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலம். என் தாய்மாமா ராணுவத்தில் ஓட்டுநராக இருந்தவர். விடுப்பில் வரும்போதெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து சக்திமான் லாரியைப் பற்றியே பேசுவார். பம்பரில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவர் நிற்கும் படம் இன்னும் எங்கள் நடுவீட்டில் மாட்டியிருக்கிறது. போன ஐப்பசியில் காலமாகிவிட்டார். அப்படி ஒரு வண்டியை வாங்கி, சரிசெய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நானே ஓட்ட வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்து வந்தது. பிழைப்புக்கு இல்லை. வாடகைக்கும் விடப்போவதில்லை.

இரண்டு வண்டிகள் பார்த்திருக்கிறேன். ஒன்று ஸ்டாலியன். பழைய இரும்பு வாங்குபவரின் யார்டில் நிற்கிறது. தார்ப்பாய், கண்ணாடி எல்லாம் அப்படியே இருக்கின்றன. பச்சை வண்ணம்கூட மங்கவில்லை. சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆனது. மற்றது ஒரு சக்திமான். மரம் ஏற்ற வைத்திருந்த ஒருவரிடம் இருக்கிறது. ஆர்.சி. புத்தகம் அவர் பெயரில் உண்டு. ஆனால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று காலாவதியாகி நான்கு வருடம் ஆகிவிட்டது. கேபின் தரையில் துரு, சீட் கிழிசல். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

மனம் ஸ்டாலியன் பக்கம் சாய்கிறது. எதை எடுக்கலாம்? எதைப் பார்க்க வேண்டும்?

சங்ககிரி லாரிக்காரர்

தம்பி, முதலில் காகிதம். இன்ஜினைப் பிறகு பார்க்கலாம். ஸ்டாலியன்காரர் உன்னிடம் என்ன காகிதம் காட்டினார் என்று நீ எழுதவே இல்லையே.

காங்கயம் தோட்டத்துக்காரன்

அண்ணா, ஏலத்தில் எடுத்த டெலிவரி ஆர்டரின் நகல் ஒன்றைக் காட்டினார். அதில் ஐந்தாறு வண்டிகளை ஒரே லாட்டாகப் போட்டு, மொத்த எடை எழுதியிருக்கிறது. தோட்டத்துக்குள் ஓட்டுவதற்கு இது போதும் என்கிறார்.

நாமக்கல் ஆவண அலுவலகம்

தம்பி, இந்த வேலையைப் பதினெட்டு வருடமாகச் செய்கிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கழிவு இரும்பாக விற்ற வண்டி. எடை போட்டு விற்றதை மறுபடி வண்டியாகப் பதிவு செய்ய வழியில்லை.

முறையாக விற்ற ராணுவ வண்டிக்கு வேறு காகிதம் உண்டு. படிவம் 21 என்ற விற்பனைச் சான்றிதழைப் புது வண்டிக்கு டீலர் கொடுப்பார். ராணுவ ஏல வண்டிக்குப் பாதுகாப்புத் துறை அதிகாரி கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். பதிவு விண்ணப்பமான படிவம் 20-இல் புதிய வண்டியா, முன்னாள் ராணுவ வண்டியா, இறக்குமதி வண்டியா என்று கேட்கும் இடமே இருக்கிறது. ராணுவத்தில் இருக்கும்வரை அந்த வண்டி 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-ஆவது பிரிவில் தனியாகப் பதிவாகியிருக்கும். வெளியே வந்துவிட்டால் நம் எல்லோருக்கும் உள்ள 39, 40 பிரிவுகள்தான். சேஸ் என்ற அடிச்சட்டத்தின் எண்ணும் இன்ஜின் எண்ணும் அந்தப் படிவம் 21-இல் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். லாட் எண் மட்டும் இருந்தால் பயனில்லை.

தோட்டத்துக்குள் மட்டும் என்று நினைக்கிறீர்கள். உங்கள் தோட்டத்தின் இரண்டு பாதிக்கும் நடுவில் ஊராட்சி சாலை போகிறதா? அதைக் குறுக்கே கடந்தாலும் அது பொது இடம். பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ஒருவர் மேல் பட்டுவிட்டால் உங்கள் தோட்டத்தையே விற்றாலும் காணாது. அக்காவாகச் சொல்கிறேன், அதை விட்டுவிடுங்கள்.

காங்கயம் தோட்டத்துக்காரன்

சாலை போகிறது அக்கா. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்ட (பி.ஏ.பி.) வாய்க்காலை ஒட்டியே போகிறது. இதைக் கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இரண்டு முறை போய் அந்த ஸ்டாலியனில் ஏறி உட்கார்ந்துவிட்டு வந்தேன். சரி, அதை விட்டுவிடுகிறேன். சக்திமானில் என்ன பார்க்க வேண்டும்?

நாமக்கல் ஆவண அலுவலகம்

ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு சேஸ் கட்டையில் குத்தியிருக்கும் எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். கம்பித் தூரிகையால் தேய்த்து, சாக்பீஸ் தடவினால் எண் தெளிவாகத் தெரியும். பழைய புத்தகப் பதிவாக இருந்தால் அது கணினியில் ஏறியிருக்கிறதா என்பதை அந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கடன் குறிப்பு, வரிப் பாக்கி, பசுமை வரி எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

எஃப்.சி. விஷயத்தை லேசாக எடுக்காதீர்கள். தாமதத்துக்கு மத்திய விதியில் நாளுக்கு 50 ரூபாய் கூடுதல் கட்டணம். நான்கு வருடத்துக்கு 73,000 ரூபாய் வருகிறது. 2022 ஏப்ரலிலிருந்து 15 வருடம் கடந்த கனரக வண்டிகளுக்கு எஃப்.சி. கட்டணமும் பல மடங்கு உயர்ந்துவிட்டது. இதையெல்லாம் கூட்டி விலையில் கழிக்கச் சொல்லுங்கள், அல்லது அவரையே எஃப்.சி. எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்திட்ட வண்டி வேறு, வாய்ச்சொல்லில் வாங்கும் வண்டி வேறு.

ஓய்வுபெற்ற ஏ.எஸ்.சி. ஓட்டுநர், பவானி

தம்பி, உங்கள் மாமா ஓட்டிய வண்டியை நானும் ராணுவத்தின் சரக்குப் பிரிவான ஏ.எஸ்.சி.யில் ஓட்டியிருக்கிறேன். ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் செய்த வண்டி அது. 1996 வரை வந்தது. பிறகுதான் அந்த இடத்துக்கு ஸ்டாலியனும் டாடாவும் வந்தன. நான் ஓட்டியதில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. நின்ற இடத்தில் திருப்பினால் தோள்பட்டை இற்றுப்போகும். வண்டி அரையடியாவது உருண்ட பிறகுதான் திருப்ப வேண்டும். கை பழக ஒரு மாதம் ஆகும்.

வண்டியில் பழைய ராணுவ எண் எங்காவது வண்ணத்துக்கு அடியில் தெரிகிறதா பாருங்கள். மேல்நோக்கிய அம்புக்குறி, அதற்குப் பிறகு இரண்டு இலக்கம். அந்த இரண்டும் ராணுவம் அதை வாங்கிய வருடம். பிறகு ஓர் எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. பின் ஆக்சிலின் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் கிரவுன் உருண்டையில் வெள்ளை வண்ணம் அடித்து, மேலே சின்ன விளக்கு வைத்திருப்போம். இரவில் விளக்கணைத்து வரிசையாகப் போகும்போது பின்னால் வருபவனுக்குத் தெரிவது அந்த வெள்ளை வட்டம் மட்டும்தான். காஷ்மீரில் பிர்பஞ்சால் மலைப் பக்கம் அதை மட்டும் பார்த்துக்கொண்டு எத்தனையோ இரவு ஓட்டியிருக்கிறேன். உங்கள் வண்டியில் அது மிச்சம் இருந்தால் சுரண்டிவிடாதீர்கள்.

காங்கயம் தோட்டத்துக்காரன்

ஐயா, உங்கள் பதிலை என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அண்ணன் நினைவு வந்து அழுதுவிட்டார்.

நேற்று போய்ப் பார்த்தேன். சேஸ் எண் ஒத்துப்போகிறது. அம்புக்குறியும் 84 என்ற இலக்கமும் இடது கதவில் மங்கலாகத் தெரிகின்றன. ஆனால் ஒரு பிரச்சினை. வண்டியின் பலத்தைக் காட்டுவதற்காக முன் சக்கரங்களும் இழுக்கும்படி லீவரால் முன் ஆக்சிலையும் சேர்த்துப் போட்டு, தார்ச்சாலையில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினார். திரும்பும்போது அடியில் முனகல் மாதிரி ஒரு சத்தம். முன் டயர் தேய்ந்து இழுபட்டது. களத்துக்குள் வந்து லீவரை எடுக்கப் பார்த்தால் வரவே இல்லை. காலால் உதைத்தும் வரவில்லை. 'ராணுவ வண்டி அப்படித்தான் இருக்கும்' என்கிறார். முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் பெட்டி போய்விட்டதா?

லேத் வேலை, கணபதி

போயிருக்காது, அண்ணா. ஆனால் அப்படியே இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் போயிருக்கும்.

வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் போகும் வட்டம் பெரிது, பின் சக்கரங்களின் வட்டம் சிறிது. முன் ஆக்சிலைச் சேர்த்தால் இந்த வண்டியில் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். மண்ணிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துவிடும். தாரில் வழுக்காது. அந்தத் திருகல் ஷாப்டிலும் பல்சக்கரத்திலும் ஏறி நிற்கிறது. பல் இறுகிப் பிடித்திருப்பதால் லீவர் வரவில்லை. உதைத்தால் உள்ளே பல்சக்கரத்தை நகர்த்தும் கவை (ஃபோர்க்) வளையும். உதைக்காதீர்கள்.

மண்தரையில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, நான்கைந்து மீட்டர் பின்னால் எடுங்கள். போகும்போதே லீவரை லேசாக இழுத்துப் பிடித்திருங்கள். பெரும்பாலும் 'டக்' என்று வந்துவிடும். வராவிட்டால் பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். தரையை விட்டதும் அந்தச் சக்கரம் தானாகச் சுழன்று திருகலை விடும். அந்த நேரத்தில் அதன் பக்கம் கை வைக்கக் கூடாது. யாரும் அடியில் படுக்கவும் கூடாது.

இரண்டே கிலோமீட்டரில் இவ்வளவு இறுகியதென்றால் டயர் மேல்தான் எனக்குச் சந்தேகம். முன்னும் பின்னும் டயர் சுற்றளவை அளந்து எழுதுங்கள். தரையிலும் டயரிலும் சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டி, டேப்பில் அளக்க வேண்டும்.

காங்கயம் தோட்டத்துக்காரன்

இன்று அளந்தேன். முன்னால் 3 மீட்டர் 16 சென்டிமீட்டர். பின்னால் 3 மீட்டர் 7. லீவர் பின்னால் எடுத்தபோதே வந்துவிட்டது, மூன்று மீட்டர்கூடப் போகவில்லை! அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வண்டிக்காரரே இறங்கி வந்துவிட்டார். மிகவும் நன்றி.

லேத் வேலை, கணபதி

ஒரு சுற்றுக்கு 9 சென்டிமீட்டர் வித்தியாசம். நூறு சுற்றுக்கு 9 மீட்டர். நேர்ச்சாலையில் போனாலும் இறுகத்தான் செய்யும். எல்லா டயரும் ஒரே அளவு, ஒரே பூவாக (தரையில் பதியும் வரிகள்) மாற்றும்வரை முன் ஆக்சிலைத் தொட வேண்டாம். மாற்றிய பிறகும் தாரில் வேண்டாம்.

டயர் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றிருந்தால் 2014-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். பூ எவ்வளவு இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரில் மலை ஏற வேண்டாம். இந்த வண்டிகளின் டிஸ்கில் ரிங் தனியாக வரும். துருப்பிடித்த ரிங் காற்று ஏற்றும்போது தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். டயரை உள்ளே வைத்துக் காற்று ஏற்றும் கூண்டு வைத்திருக்கும் பஞ்சர் கடைக்கு மட்டும் போங்கள்.

உதிரிக்குப் பயப்பட வேண்டாம். பேரிங் எல்லாம் அதன் விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணைச் சொன்னால் கோவையில் கிடைக்கும். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் போதும். புஷ், பின் எல்லாம் நாங்களே கடைந்து தருவோம். கிரவுன் உருண்டைக்குள் இருக்கும் பல்சக்கரங்களான கிரவுன் பினியன் மட்டும்தான் கடினம். அதனால் கிரவுன் ஆயிலை இறக்கி, ஒரு காந்தத்தை விட்டுப் பாருங்கள். மாவு மாதிரி கரும்பசை வந்தால் சாதாரணத் தேய்மானம். செதில் செதிலாக இரும்பு வந்தால் வாங்காதீர்கள்.

சங்ககிரி லாரிக்காரர்

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. நான் இரண்டு சேர்க்கிறேன். தம்பி, உன்னிடம் கனரக லைசென்ஸ் இருக்கிறதா? கார் லைசென்ஸில் இதைத் தொடக் கூடாது. இன்னொன்று, ஊரில் வண்டியைப் பார்த்ததும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகலாம் என்பார்கள். சரக்கு வண்டியின் பின்னால் ஆளை ஏற்றாதே. அப்படிக் கவிழ்ந்த வண்டியிலிருந்து ஆட்களைத் தூக்கியவன் நான்.

காங்கயம் தோட்டத்துக்காரன்

லைசென்ஸ் இல்லை அண்ணா. திருப்பூரில் கனரகப் பயிற்சியில் சேர்கிறேன். ஆட்களை ஏற்ற மாட்டேன், என் பிள்ளைகளையும் சேர்த்துத்தான். கிரவுன் ஆயிலில் செதில் இல்லை, பசைதான். எஃப்.சி. எடுத்துக் கொடுத்த பிறகு மீதிப் பணம் என்று பேசி முன்பணம் கொடுத்துவிட்டேன்.

தோட்டத்துக்கு வரும் வண்டிப்பாதையான எங்கள் இட்டேரியையும் அளந்தேன். கிளுவை வேலி இரண்டு பக்கமும் நெருக்கி, ஓரிடத்தில் ஒன்பது அடிதான் இருக்கிறது. அங்கே வேலியைக் கவாத்து செய்ய வேண்டும். வாய்க்கால் பாலத்தில் தேங்காய் லோடு லாரியே போய்வருவதால் அந்தக் கவலை இல்லை. கடைசியாக ஒன்று: மாமா படத்தில் இருக்கிற அதே பச்சை அடிக்கலாமா?

நாமக்கல் ஆவண அலுவலகம்

கூடாது தம்பி. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதி. ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும். வேறு எந்த வண்ணமும் அடியுங்கள். அடித்ததும் ஆர்.சி.யில் வண்ண மாற்றத்தைப் பதிந்துவிடுங்கள்.

காங்கயம் தோட்டத்துக்காரன்

அப்படியானால் மயிலை என்ற சாம்பல் வண்ணம் அடிக்கிறேன் அக்கா. மாமா வீட்டில் கடைசியாக நின்ற காளை மயிலைதான். கதவில் இருக்கும் அம்புக்குறியையும் எண்ணையும் அடிப்பதற்கு முன்னால் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். பவானி ஐயா, கிரவுனில் வெள்ளை வட்டம் இருக்கிறது. கிரீஸுக்கு அடியில் இருந்தது, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது தெரிந்தது.

ஓய்வுபெற்ற ஏ.எஸ்.சி. ஓட்டுநர், பவானி

தம்பி, எஃப்.சி. ஆனதும் சொல்லுங்கள். பவானியிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுகிறேன். அந்த ஸ்டீயரிங்கை எப்படிப் பிடிப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிறேன்.