இலவச மரக்கன்று வாங்குவோருக்கு: சென்னைப் பக்கத்து அனுபவப் பகிர்வு (தலைப்பில் ஊர், அதன் கீழே அந்த ஊர்க்காரர் சொன்னது)

அம்பத்தூர்

பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பர் 24 அன்று வண்டலூரில் தொடங்கியதிலிருந்து கன்று கிடைப்பது பெரிய பாடில்லை. வனத்துறை நாற்றங்காலுக்கு நேரில் போகலாம். இயக்கத்தின் இணையதளத்தில் பதிந்தும் கேட்கலாம். கிளம்புமுன் போன் போட்டு இருப்பில் என்ன கன்று என்று கேட்டுவிடுவது நல்லது. மகிழம் கேட்டுப் போனவர் தேக்கோடு திரும்புவது சகஜம்.

சிக்கல் கன்றில் இல்லை, மாதத்தில் இருக்கிறது. ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள் என்பதால் எல்லோரும் அந்த வாரம்தான் கன்று கொடுப்பார்கள். தென்மேற்குப் பருவமழை பிடிக்கும் கோவை, நாகர்கோவில் பக்கம் அது சரி. சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வருவதே அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். ஜூனில் நட்டால், வேர் மண்ணைப் பிடிக்குமுன் மூன்று நான்கு மாத வெயிலைத் தாங்கியாக வேண்டும்.

ஜூனில் வாங்கிவிட்டால் உடனே நட வேண்டியதில்லை. 12 அங்குலப் பையாகப் பார்த்து மாற்றி, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, அக்டோபரில் முதல் நல்ல மழை விழுந்ததும் நடுங்கள். இடையில் மாதம் ஒருமுறை பையைத் தூக்கி வேறு இடத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் அடியில் வேர் வெளியே வந்து தரைக்குள் இறங்கிவிடும். நடும்போது அதைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

நங்கநல்லூர்

கன்று பார்த்து வாங்குவதைச் சொல்கிறேன். உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆறடி உயரத்தில் பென்சில் தண்டோடு நிற்பதைவிட, மூன்றடியில் விரல் பருமனோடு நிற்பது மேல். தண்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். பையோடு சேர்ந்து ஆடினால் வேர் மண்ணைக் கவ்வியிருக்கிறது. தண்டு மட்டும் தனியாக ஆடினால் கீழே வைத்துவிடுங்கள்.

முக்கியமானது வேர்ச்சுருள். பையில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்த கன்றின் ஆணிவேர் அடியில் முட்டி, வட்டமாகச் சுற்றத் தொடங்கியிருக்கும். அப்படியே நட்டால் நான்கைந்து வருடம் ஜோராக வளரும். அப்புறம் சுருள் தன்னையே நெரிக்கும், காற்றில் மரம் அடியோடு திரும்பும். நடும்போது பையை முழுக்கக் கிழித்து எடுத்துவிட்டு, அடிமண்ணில் ஓர் அங்குலத்தைக் கூர்மையான கத்தியால் சீவிவிடுங்கள். பக்கவாட்டில் சுற்றியிருந்தால் மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடத்தில் அரை அங்குல ஆழத்துக்குக் கீறுங்கள். அடிப்பக்கம் மட்டும் கிழித்துப் பையோடு நடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பிளாஸ்டிக் மக்கவே மக்காது.

கொண்டுவரும்போது பையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டை அல்ல. டூவீலரில் பின்னால் உட்கார்ந்தவர் கையில் பிடித்து வந்தால் அரைமணி நேரக் காற்றிலேயே இலை காய்ந்துவிடும். ஈரச்சாக்கு சுற்றிக் கொண்டுவாருங்கள்.

பள்ளிக்கரணை

எங்கள் பக்கம் களிமண். இங்கே கன்று காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவது அதிகம். எல்லாரும் சொல்கிற இரண்டடிக்கு இரண்டடிக் குழியை வெட்டி, உள்ளே செம்மண்ணும் எருவும் போட்டு நிரப்பினால் அது களிமண்ணுக்குள் ஒரு தொட்டி ஆகிவிடுகிறது. நவம்பர் மழையில் சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அதற்குள் இறங்கி நிற்கும், வெளியேற வழியிருக்காது. இலை மஞ்சளாகி உதிர்வதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள்.

குழியை ஆழமாக்காமல் அகலமாக்குங்கள். மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம். பக்கச் சுவரை மண்வெட்டியின் பின்பக்கத்தால் மொழுகியதுபோல் விடாமல் கடப்பாரையால் குத்திக் கரடாக்குங்கள். வெட்டிய மண் இரண்டு பங்கு, மக்கிய சாண எரு ஒரு பங்கு, கரட்டு மணல் ஒரு பங்கு. மண்ணைத் தரைமட்டத்துக்கு மேல் அரையடி மேடாக்கி அதன் உச்சியில் நடுங்கள். மழை முடிந்த பிறகு, ஜனவரி வாக்கில், மேட்டின் அடியைச் சுற்றிப் பாத்தி கட்டிக்கொள்ளலாம்.

நீர் நிற்கும் இடத்துக்கு நீர்மருது, நாவல், பூவரசு, புங்கன் தாங்கும். முருங்கை வேண்டாம், முதல் மழைக்கே அழுகும்.

பல்லாவரம்

நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை சார், ஒன்றரை அடியில் பாறை! வேம்பு, சரக்கொன்றை, இலுப்பை மூன்றும் நிற்கின்றன. கடப்பாரை 'டங்' என்றால் அந்த இடத்தை விட்டு நாலடி தள்ளி இன்னொரு குழி போட்டுப் பாருங்கள். பாறையில் இடுக்கு இருந்தால் வேர் தேடிப் போய்விடும். வழவழவென்று ஒரே பலகையாக இருந்தால் மரமே வேண்டாம், செடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

திருவான்மியூர்

கடலோர மணலுக்கு: புன்னை, பூவரசு, மகிழம், வேம்பு. மணலில் எரு ஒரு மழையிலேயே கீழே இறங்கிவிடும். குழி மண்ணில் பாதிக்குப் பாதி செம்மண்ணும், ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்த்தூளும் கலந்தால் ஈரம் தங்கும். ஊறவைக்காத நார்த்தூளில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசுங்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை மரத்துக்கு விடுவதைப் பெருமையாகச் சொல்வார்கள். போரில் உள்ள உப்பு அதில் இன்னும் செறிவாக இருக்கும். ஏ.சி.யிலிருந்து சொட்டுவது அதற்கு நேர்மாறு, உப்பே கிடையாது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஓர் இரவில் ஒரு வாளி சேர்ந்துவிடும்.

கொளத்தூர்

செம்மரமும் தேக்கும் இலவசமாகத் தருகிறார்கள், 600 சதுர அடி வீட்டுக்கு முன்னால் வைக்கலாமா?

அம்பத்தூர்

வைக்க வேண்டாம் தம்பி. இரண்டும் தோப்புக்கு உரியவை. தேக்கு கோடையில் இலையைக் கொட்டிவிடும், நிழல் வேண்டிய நேரத்தில் குச்சியாக நிற்கும். செம்மரம் வெட்டுவதற்கும் கொண்டுபோவதற்கும் வனத்துறைக் காகிதங்கள் வேண்டும். ஊரில் நிலம் இருந்தால் வேளாண் துறையின் வேளாண்காடு வளர்ப்புத் திட்டம் தனியாக இருக்கிறது, உழவன் செயலியில் பதியலாம். வரப்போரம் என்றால் ஏக்கருக்கு 50 கன்று, வயலுக்குள் என்றால் 160 என்பது கணக்கு.

மேற்கு மாம்பலம்

வீட்டு முன்னால் வைப்பதற்கு முதலில் தலைக்கு மேலே பாருங்கள். மின்கம்பி போனால் புங்கனும் வேண்டாம், நாவலும் வேண்டாம். எட்டாவது வருடம் மின்வாரிய ஆள் வந்து ஒரு பக்கத்தை மட்டும் கழிப்பார், மரம் ரோட்டுப் பக்கம் சாயும். மந்தாரை, பவளமல்லி, கறிவேப்பிலை, மாதுளை போதும்.

பிறகு கீழே பாருங்கள். பாதாளச் சாக்கடை மூடி, மெட்ரோ வாட்டர் குழாய், கேபிள். அரசும் ஆலும் எவ்வளவு புண்ணியமானாலும் மதில் பக்கம் வேண்டாம். கசியும் சாக்கடைக் குழாயை அவற்றின் வேர் எப்படியும் கண்டுபிடிக்கும். நடைபாதையில் குழி தோண்டுவதற்குமுன் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மழைநீர் வடிகால் வேலை அந்தத் தெருவுக்கு வரப்போகிறதா என்பதும் அங்கேதான் தெரியும்.

தெருவில் வைத்தால் அடிமரத்தைச் சுற்றி மூன்றடி மண்ணாகவே இருக்கட்டும். டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்டை எடுக்கச் சொல்லி பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது. இங்கே பேவர் பிளாக் போடும் காண்டிராக்டர் தண்டை ஒட்டிப் போட்டுவிட்டுப் போவார். வேலை நடக்கும்போதே நின்று சொல்லுங்கள், பிறகு பெயர்க்க முடியாது. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் மயில்கொன்றையும் இயல்வாகையும் வரிசையாகச் சாய்ந்ததற்கு மரத்தின் குணம் பாதி, வேருக்கு இடம் விடாத சிமெண்ட் பாதி.

நங்கநல்லூர்

தண்ணீர்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். செம்மண் பூமிக்கு: நட்ட முதல் வாரம் மழை இல்லாவிட்டால் தினம் ஐந்து லிட்டர். ஜனவரியிலிருந்து வாரம் இருமுறை பத்து லிட்டர். ஏப்ரல், மே இரண்டு நாளைக்கொருமுறை பதினைந்து. இரண்டாவது கோடையில் வாரம் ஒருமுறை இருபத்தைந்து, ஆனால் தண்டிலிருந்து இரண்டடி தள்ளி. தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே படரும். மணலுக்கு இதே அளவைப் பாதியாக்கி இருமடங்கு தடவை. களிமண்ணில் ஒரு கம்பியைக் குத்திப் பார்த்து, ஈரம் ஒட்டாவிட்டால் மட்டும்.

வெளியூர் போகிறவர்கள் ஐந்து லிட்டர் எண்ணெய் கேனின் அடியில் ஊசியால் ஒரு துளை போட்டு, ஓரடி தள்ளி வைத்துப் பக்கத்து வீட்டாரை நிரப்பச் சொல்லலாம். காய்ந்த இலையை மூன்று அங்குல மூடாக்காகப் போடுங்கள், தண்டிலிருந்து நான்கு விரல் இடம் விட்டு. ஒட்டிப் போட்டால் பட்டை அழுகும், கறையானும் ஏறும். கறையான் உள்ள மண் என்றால் குழியிலேயே அரைக் கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்துவிடுங்கள்.

ஆவடி

வேப்பங்கன்று நுனி கருகி, சுட்டதுபோல் ஆனால் வெட்டி எறிய வேண்டாம். தேயிலைக் கொசு என்னும் பூச்சி குத்திய இடத்தில் பூஞ்சணம் சேர்ந்து வரும் நோய் அது. பெரிய மரம் தானாகத் துளிர்க்கும். கன்றுக்கு மட்டும் கருகிய நுனியை ஓர் அங்குலம் பச்சையோடு சேர்த்து நறுக்கி எரித்துவிடுங்கள். புங்கன் இலையில் கொப்புளம் கொப்புளமாக வருவது சிலந்திப்பேன் வேலை, பார்க்கத்தான் அசிங்கம், கண்டுகொள்ள வேண்டாம். பூவரசில் மாவுப்பூச்சி வந்தால் லிட்டருக்கு வேப்பெண்ணெய் ஐந்து மில்லி, சோப்புக் கரைசல் ஒரு மில்லி, மாலையில் தெளியுங்கள்.

கொளத்தூர்

கன்றைச் சுற்றிப் பாதுகாப்புக்கு வைக்கும் கூண்டின் விலை கேட்டால் தலை சுற்றுகிறது அண்ணா.

ஆவடி

இரும்புக் கூண்டு கட்டாயமில்லை. ஆறடிச் சவுக்குக் கம்பு மூன்று, வேரைச் சுற்றிய மண்கட்டிக்கு வெளியே ஒன்றரை அடி புதைத்து, பச்சை வலையைச் சுற்றுங்கள். ஆடு மாடு திரியும் தெரு என்றால் வெளியே சீமைக்கருவேல முள்ளைச் சொருகுங்கள். கன்றைக் கம்போடு கட்டச் சணல் கயிறு, எட்டுப் போட்ட மாதிரி, தளர்வாக. கட்டுக்கம்பி கூடவே கூடாது. ஆறு மாதத்துக்கொருமுறை கட்டை அவிழ்த்துக் கட்டுங்கள். கம்பு இல்லாமல் நிற்க ஆரம்பித்ததும் அதைப் பிடுங்கிவிடுங்கள், பழக்கப்பட்டால் தண்டு தடிக்காது. இரும்பு வளையம் போட்டவர்கள் மூன்றாவது வருடமே கழற்றுங்கள். பட்டைக்குள் இரும்பு போன பிறகு அறுத்தாலும் பாதிதான் வரும்.