புரோட்டான் ‘ஈனி’யா, ‘கொடுப்பி’யா?

வணக்கம். அமிலத்தை proton donor, அதாவது புரோட்டானைக் கொடுப்பது, என்கிறார்களே, அதற்குத் தமிழில் ‘நேர்மின்னி ஈனி’ சரியா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அதில் முன்பாதியும் ஒத்துவரவில்லை, பின்பாதியும் ஒத்துவரவில்லை.

எலக்ட்ரானை எதிர்மின்னி என்று சொல்லிவிட்டு புரோட்டானை நேர்மின்னி என்றால், இரண்டும் ஒரே சரக்கு, குறி மட்டும்தான் வேறு என்று படிக்கிற பிள்ளை நினைத்துக்கொள்ளும். புரோட்டானின் நிறையோ எலக்ட்ரானைப்போல் சுமார் 1836 மடங்கு. எலக்ட்ரானின் நிறையிலேயே நேர்மின்சுமையோடு ஒரு துகள் நிஜமாகவே உண்டு, 1932-இல் ஆண்டர்சன் கண்டுபிடித்த பாசிட்ரான். நேர்மின்னி என்ற பெயர் நியாயமாக அதற்குத்தான் சேரவேண்டும். அதே வருடம் சாட்விக் கண்டுபிடித்த நியூட்ரானுக்கு நொதுமி என்று வைத்திருப்பது அருமை, நொதுமலர் (நட்பும் பகையும் இல்லாதவர்) என்ற சங்கச் சொல்லை யாரோ சரியாகப் பிடித்திருக்கிறார்கள். அந்த மாதிரி ஒன்று கிடைக்கும்வரை புரோட்டான் புரோட்டானாகவே இருக்கட்டும்.

அப்புறம் ‘ஈனி’. ஈதலை நினைத்து வைத்திருப்பார்கள், சரி. ஆனால் உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாடு ஈனுவதுதான் முதலில் ஞாபகம் வரும். “அப்ப அமிலம் புரோட்டானைக் கன்னு போடுதா சார்?” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். கேலிதான், ஆனாலும் விஷயம் இருக்கிறது. புரோட்டான் அங்கே புதிதாகப் பிறப்பதில்லை. ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறுக்குள் ஹைட்ரஜனின் உட்கருவாக முன்னமே இருப்பதைத்தான் தண்ணீர் மூலக்கூறு இழுத்துக்கொண்டு ஹைட்ரோனியம் அயனி ஆகிறது. நடுவில் அது தன்னந்தனியாகத் தண்ணீரில் திரிவதும் கிடையாது. ‘வழங்கி’ என்று வைக்கலாம் என்றால் அதைக் கணினிக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

என் யோசனை: புரோட்டானைக் கொடுக்கும் அமிலம் கொடுப்பி, அதை வாங்கிக்கொள்ளும் காரம் கொள்வி. மதுரைப் பக்கம் கொண்டு கொடுத்த உறவு என்று சொன்னால் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை, ஒரே வீடு பெண் கொடுக்கவும் செய்யும், எடுக்கவும் செய்யும். 1923-இல் பிரான்ஸ்டெட்டும் லவுரியும் தனித்தனியாகச் சொன்ன இந்த அமில–கார வரையறையிலும் இந்த இருவழிப் போக்குவரத்து உண்டு. அசிட்டிக் அமிலம் ஒரு புரோட்டானைக் கொடுத்துவிட்டு அசிட்டேட்டாக நிற்கும்போது அந்த அசிட்டேட்டே கொள்வி, திரும்ப வாங்கிக்கொள்ளவும் செய்யும். வினிகரில் இந்த அமிலத்தின் பெரும்பகுதி பிரியாமலே கிடப்பது அதனால்தான். தண்ணீர் இன்னும் வேடிக்கை, அமிலத்திடம் கொள்வி, அம்மோனியாவிடம் கொடுப்பி. ‘ஏற்பி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, கொடுப்பி–ஏற்பி என்றும் எழுதலாம், மோனைதான் போகும்.

ஒன்று மட்டும் கவனம். சுருக்கமாக இருக்கட்டும் என்று ‘புரோட்டான்’ என்ற முன்சொல்லை வெட்டிவிடாதீர்கள். அதே 1923-இல் லூயிஸ் சொன்ன வரையறையில் கதை தலைகீழ், அங்கே எலக்ட்ரான் இணையை வாங்கிக்கொள்வதுதான் அமிலம். போரான் டிரைஃபுளோரைடில் ஹைட்ரஜனே கிடையாது, ஆனாலும் லூயிஸ் கணக்கில் அது அமிலம். வெறும் ‘அமிலம் என்றால் கொடுப்பி’ என்று பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்தவன் பன்னிரண்டில் அந்தப் பக்கத்துக்கு வந்ததும் திருதிருவென்று முழிப்பான்.