'தி அயர்ன் லேடி' படத்தை உயர்தர மாணவர்களுக்குக் காட்டலாமா?

கொக்குவில் ரீச்சர்:
உயர்தர வகுப்பில் அரசறிவியல் கற்பிக்கிறேன். பிரித்தானிய அமைச்சரவை முறையை விளக்கும்போது முன்னாள் பிரதமர் மார்கரெட் தட்சரைப் பற்றிய இந்தப் படத்தைப் போட்டுக்காட்டலாம் என்று எண்ணி, நேற்றிரவு மறுபடியும் பார்த்தேன். மனம் ஆறவில்லை. நினைவு மங்கிய முதிய தட்சர் கடைக்குப் பால் வாங்கப் போகிறார். அங்கே ஒருவருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. செத்துப்போன கணவர் டெனிஸோடு வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார். மெரில் ஸ்ட்ரீப் அந்தத் தளர்ச்சியைக் கழுத்திலும் தோளிலும் கொண்டுவந்துவிடுகிறார். ஒஸ்கார் விருது அவருக்குத் தகும். ஆனால் பதவி போனது 1990இல். மறதி நோய் வந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. இரண்டையும் ஒரே சரிவாகப் பின்னிவிட்டால், ஒரு தலைவரை வீழ்த்தியது முதுமைதான் என்று பிள்ளைகள் நினைத்துவிடமாட்டார்களா? படம் வந்தபோது அவர் உயிரோடு இருந்தார் என்பதும் என்னை உறுத்துகிறது.

பருத்தித்துறை வாசகன்:
ரீச்சர், காட்டுங்கள். ஆனால் படத்தில் இல்லாததையும் சொல்லுங்கள். 1985 ஏப்ரலில் தட்சர் இலங்கைக்கு வந்து, பிரித்தானிய உதவியில் கட்டிய விக்டோரியா அணையைத் திறந்துவைத்தார். அடுத்த மாதமே இலங்கையர் பிரித்தானியாவுக்குள் நுழைய விசா கட்டாயமானது. பொதுநலவாய நாடொன்றுக்கு அப்படி விதித்தது அதுவே முதன்முறை. 1983 கலவரத்துக்குப் பிறகு ஓடிய எங்கள் இளைஞர்களுக்கு முன்னால் மூடிய கதவு அது. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்பட இருந்த தமிழர்கள் உடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தப் பெண்மணியை யாழ்ப்பாணத்தில் இருந்து பார்க்கும் பிள்ளைக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

நல்லூர் மகள்:
என் அம்மாவுக்கும் இந்த நோய்தான். அப்பா வந்துவிட்டாரா என்று தினமும் கேட்கிறார். கணவரின் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கும் காட்சியை என்னால் ஒரே மூச்சில் பார்க்க முடியவில்லை. அரசியலை விட்டுவிட்டாலும் அந்தப் பகுதி உண்மையானது. அதை வெட்டிவிட்டுக் காட்டாதீர்கள், ரீச்சர்.

திருநெல்வேலி மாணவன்:
வணக்கம் ரீச்சர். வீழ்ச்சிக்கான விடை படத்திலேயே இருக்கிறது. அமைச்சரவைக் கூட்டத்தில், ஒரு தாளில் இருந்த எழுத்துப்பிழைக்காகத் துணைப் பிரதமர் ஜெஃப்ரி ஹோவை எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்துகிறாரே, அந்தக் காட்சிதான். உண்மையில் ஹோவ் 1990 நவம்பர் 1இல் விலகினார். அதற்குள் ஆளுக்கு இவ்வளவு என்று விதித்த தலைவரி மக்களைத் தெருவுக்குக் கொண்டுவந்திருந்தது. ஐரோப்பா விடயத்தில் கட்சியும் பிளவுபட்டிருந்தது. நவம்பர் 20இல் நடந்த கட்சித் தலைமை வாக்கெடுப்பில் தட்சருக்கு 204, எதிர்த்துப் போட்டியிட்ட அதே கட்சியின் ஹெசல்டைனுக்கு 152. வென்றவர் அவரே, ஆனாலும் கட்சி விதி கேட்ட இடைவெளிக்கு 4 வாக்குகள் போதவில்லை. இரண்டு நாளில் விலகுவதாக அறிவித்தார். மூன்று பொதுத்தேர்தல்களில் வென்றவரை மக்கள் வாக்கால் அகற்றவில்லை. சொந்தக் கட்சிதான் அகற்றியது. அரசறிவியல் பாடத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கொக்குவில் ரீச்சர்:
தம்பி, மிக்க நன்றி. 204, 152 என்ற எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் படத்தைத் தொடங்குகிறேன். பால் வாங்கும் காட்சியில் நிறுத்தி, 1971இல் கல்வி அமைச்சராக இருந்தபோது ஏழு வயதைத் தாண்டிய பள்ளிப் பிள்ளைகளின் இலவசப் பாலை நிறுத்தியவர் இவரே என்றும் சொல்லுவேன். ஐயா சொன்ன விசா விடயத்தை மாணவர்களே வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரட்டும். நல்லூர் தங்கைக்கு: ஒரு காட்சியையும் வெட்டமாட்டேன். தமிழில் வசன எழுத்துகள் இருக்கும் பிரதி யாரிடமாவது இருந்தால் அறியத்தாருங்கள்; இல்லாவிட்டால் நானே இடையிடையே நிறுத்தி விளக்க வேண்டியிருக்கும், ஒரு பாடவேளை போதாது.