பழைய ஜூனோ-106 வாங்கலாமா, புதிய சிந்தசைசர் வாங்கலாமா? ராகம் வாசிக்க எது பொருந்தும்?

கிங்ஸ் சர்க்கிள் கீபோர்டு:

அனைவருக்கும் வணக்கம். நான் மும்பை மாட்டுங்காவில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்து வருகிறேன். கல்யாண வரவேற்பு, கணபதி மண்டல் நிகழ்ச்சி என்று எங்களுக்கு வருகிற மேடைகளுக்கு என்னிடம் இருக்கும் அரேஞ்சர் கீபோர்டே போதும். ஆனால் இப்போது மிருதங்கம், பேஸ் கிட்டார், சிந்தசைசர் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு கர்நாடக ராகங்களை வாசித்துப் பார்க்கும் முயற்சியை நண்பர்களோடு தொடங்கியிருக்கிறேன். அதற்குத் தயார்நிலையில் வருகிற ஒலிகள் ஒத்துவரவில்லை. மூல அலையை உண்டாக்கும் ஆசிலேட்டரிலிருந்து தொடங்கி ஒலியை நானே அமைத்துக்கொள்ளும்படியான கருவி தேவைப்படுகிறது.

செம்பூரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தினரிடம் ரோலண்ட் கம்பெனியின் பழைய சிந்தசைசரான ஜூனோ-106 ஒன்று இருக்கிறது. அந்த வீட்டுப் பெரியவர் ஒரு காலத்தில் இந்திப் படப் பாடல் பதிவுகளில் வாசித்தவர். அவர் காலமான பிறகு யாரும் அதைத் தொடவில்லை. போய் வாசித்துப் பார்த்தேன். ஒலியை விரித்துக் காட்டும் கோரஸ் பொத்தானை அழுத்திவிட்டு, சில சுரங்களைச் சேர்த்து ஒரு கார்டாகப் பிடித்தால் அறையே நிறைந்துவிடுகிறது. ஆனால் ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்தும்போது ஐந்து முறை சரியாக ஒலித்துவிட்டு, ஒரு முறை மட்டும் கரகரவென்று வருகிறது. விரலை எடுத்த பிறகும் அந்த இரைச்சல் உடனே அடங்குவதில்லை. அவர்கள் சொல்லும் விலைக்குப் கோர்க் மினிலாக் எக்ஸ்டி என்ற புதிய சிந்தசைசர் ஒன்றை வாங்கிவிடலாம். இந்தக் கோளாறை மும்பையிலேயே சரிசெய்ய முடியுமா, கமகத்தோடு, அதாவது சுரங்களை அசைத்து, ராகம் வாசிக்க இவ்விரண்டில் எது உதவும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முலுண்ட் சால்டர்:

நீங்கள் சொல்லும் அறிகுறியை வைத்தே நோய் இன்னதென்று சொல்லிவிடலாம். 1984இல் வெளிவந்த ஜூனோ-106இல் மொத்தம் ஆறு வாய்ஸ்கள், அதாவது ஒரே நேரத்தில் ஆளுக்கொரு சுரத்தை ஒலிக்கும் ஆறு பகுதிகள். ஒவ்வொரு வாய்ஸுக்கும் 80017ஏ என்ற ஒரு சிப் உண்டு. ஒலியின் கூர்மையைக் குறைக்கும் ஃபில்டரும், ஒலியளவைக் கட்டுப்படுத்தும் பகுதியும் அதற்குள்தான் இருக்கின்றன. அந்தச் சிப்பின் மேல் ரோலண்ட் பூசிய எபாக்ஸி என்ற பிசின் பூச்சு, ஆண்டுகள் செல்லச் செல்ல, மின்சாரத்தைக் கடத்தக் கூடாத இடத்தில் சிறிதளவு கடத்தத் தொடங்குகிறது. அதன் விளைவுதான் இந்தக் கரகரப்பும் அடங்காத இரைச்சலும். உலகம் முழுவதும் 106 வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் வருகிற கோளாறு இது, செம்பூர்ப் பெட்டி மட்டும் விதிவிலக்காக முடியாது.

எந்த வாய்ஸ் கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது. கீ டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால் கருவி சோதனை நிலைக்குப் போகும். அப்போது ஒவ்வொரு முறை கட்டையை அழுத்தும்போதும், ஒலிப்பது எத்தனையாவது வாய்ஸ் என்று சிவப்பு எண்ணில் காட்டும். ஒரே ஒரு வாய்ஸ் மட்டும் கரகரத்தால் பெரும்பாலும் 80017ஏ சிப்தான் காரணம். அடுத்தடுத்த இரண்டு வாய்ஸ்கள் சேர்ந்தாற்போல ஒலிக்காமல் போனால், இரண்டு வாய்ஸ்களுக்கு ஒன்றாக அமைந்த எம்சி5534ஏ என்ற அலை உண்டாக்கும் சிப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

வைத்தியம் இரண்டு வகைப்படும். சிப்பைப் போர்டிலிருந்து கழற்றி, அசிட்டோனில் ஊறவைத்து, மேல்பூச்சு இளகிய பிறகு அதைப் பொறுமையாக உரித்தெடுத்துவிட்டு மீண்டும் பொருத்துவது ஒன்று. பூச்சை உரிக்கும்போது அடியில் இருக்கும் நுண்ணிய பாகங்கள் பெயர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால், சாதாரண டிவி ரிப்பேர்க் கடையில் கொடுத்து இதைச் செய்யச் சொல்லாதீர்கள். இந்தப் பழுதுக்காகவே புதிதாகத் தயாரித்து விற்கப்படும் மாற்றுச் சிப்பை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது மற்றொன்று. லேமிங்டன் சாலையில் கெப்பாசிட்டர், சாக்கெட், நல்ல சால்டர் கம்பி எல்லாம் கிடைக்கும், இந்தச் சிப் மட்டும் கிடைக்காது. ஒரு சிப் போனால் மற்ற ஐந்தும் அதே வயதுடையவை என்பதை நினைவில் கொண்டு, ஆறுக்கும் சேர்த்தே செலவைக் கணக்கிட்டு விலை பேசுங்கள்.

இன்னும் இரண்டைப் பார்த்துவிடுங்கள். பின்புறம் ஒட்டியிருக்கும் சீட்டில் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கிறது? ஜப்பானில் விற்பதற்காகச் செய்த கருவி என்றால் 100 வோல்ட் என்று இருக்கும். அதை நம் ஊர் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், தனியாக ஒரு ஸ்டெப்-டவுன் வாங்கியாக வேண்டும். அடுத்தது, உள்ளே இருக்கும் சிறிய லித்தியம் பேட்டரி. 128 ஒலிகளையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். அது தீர்ந்துவிட்டால் பெரியவர் அமைத்து வைத்த ஒலிகள் எல்லாம் போய்விடும். அவை இன்னும் இருந்தால், பேட்டரியை மாற்றுவதற்கு முன் டேப் வெளியீட்டின் வழியாகவோ, கருவிகளையும் கணினியையும் இணைக்கும் மிடி வழியாகவோ பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துப் பதிவுக் கலைஞர் ஒருவர் கையால் அமைத்த ஒலிகள் கருவியைவிட மதிப்புள்ளவை என்று நான் நினைக்கிறேன்.

வாஷி வீணை:

பழுது பற்றி மேலே இருப்பவர் எழுதிவிட்டதால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் வருகிறேன். பழையதா புதியதா என்று பார்ப்பதைவிட, ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே உங்கள் விரல் என்ன செய்ய முடிகிறது என்று பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் கருத்து.

ஜூனோ-106இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழுத்துச் செல்லும் போர்ட்டமென்டோ இருக்கிறது. ஆனால் பாலி 1 (Poly 1) என்ற நிலையில் கருவி ஒவ்வொரு கட்டைக்கும் வாய்ஸை மாற்றி மாற்றிக் கொடுப்பதால், நீங்கள் ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு இழுக்க நினைத்தாலும், அந்தக் குறிப்பிட்ட வாய்ஸ் சற்று முன்பு வாசித்த பஞ்சமத்திலிருந்து இழுபட்டு வரும். ராகம் வாசிப்பவருக்கு இது விபரீதம். பாலி 1, பாலி 2 பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் ஆறு வாய்ஸ்களும் ஒரே சுரத்தில் குவியும். அந்த நிலையில் இழுப்பு ஒழுங்காக வரும். இருந்தாலும் போர்ட்டமென்டோ என்பது வழுக்கிச் செல்லும் ஜாருவுக்கு மட்டுமே உதவுகிற ஏற்பாடு. தோடியின் காந்தாரத்தையும் பைரவியின் நிஷாதத்தையும் அது தராது. அவற்றுக்கு இடது கை, சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டில் இருந்தே ஆக வேண்டும்.

இங்கேதான் கருவிக்குக் கருவி வேறுபாடு. ரோலண்டின் லீவர் பக்கவாட்டில் அசைந்து, விட்டவுடன் ஸ்பிரிங்கினால் நடுவுக்கு வந்துவிடும். மினிலாக் எக்ஸ்டியில் இருப்பது அதைவிடச் சிறிய ஜாய்ஸ்டிக். 1970இல் வந்த மினிமூக் சிந்தசைசரின் சக்கரத்துக்கோ ஸ்பிரிங் கிடையாது. சுரத்தைப் பாதி வழியில் நிறுத்தி அங்கேயே அசைக்கலாம். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவில் கீபோர்டு வாசித்த யான் ஹாமர் அந்தச் சக்கரத்தை வைத்துக்கொண்டுதான் கிட்டாரோடு போட்டி போட்டார். நம் ஊரில் இந்திப் பட இசைக்கு மூக் சிந்தசைசரைக் கொண்டுவந்த கெர்ஸி லார்டும் அடிப்படையில் தாள வாத்தியமும் அக்கார்டியனும் வாசித்தவர் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய மும்பைக் கலைஞர் ஒருவர் இருக்கிறார். படப் பதிவுகளில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982இல் ரோலண்டின் ஜூபிடர்-8 சிந்தசைசர், டிபி-303 பேஸ் கருவி, டிஆர்-808 தாளக் கருவி ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு பத்து ஹிந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்தார். அப்போது அது விற்கவில்லை. 2010இல் மறுவெளியீடு கண்ட பிறகு, சிகாகோவில் 1987இல் ஆசிட் ஹவுஸ் என்று பெயர் பெற்ற நடன இசைக்கு இது முன்னோடியா என்று வெளிநாட்டில் விவாதமே நடந்தது. எனக்கு அந்த விவாதத்தில் அக்கறை இல்லை. 303இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் ஸ்லைடு என்ற வசதி, பேஸ் கிட்டார் வாசிப்பவருக்கு மாற்றாக அமைக்கப்பட்டது. அதை அவர் ஹிந்துஸ்தானியில் ‘மீண்ட்’ எனப்படும் சுர இழுப்புக்கு வைத்துக்கொண்ட விதத்தைத்தான் கவனிக்க வேண்டும். அவர் வாசித்த பூபாளி நம் மோகனம், மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம், யமன் ஏறக்குறையக் கல்யாணி. அவருடைய தோடியைக் கேட்டுவிட்டு நம் தோடியைத் தேடாதீர்கள், அது சுபபந்துவராளிக்கு நெருக்கமானது.

அந்தேரி ஸ்டூடியோ:

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. ஜூனோ-106இன் ஒலியை ரோலண்டே மென்பொருளாக விற்கிறது. கையடக்கப் பெட்டியாக வேண்டுமென்றால் ஜேயு-06ஏ இருக்கிறது. நல்ல மிடி கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றும் மடிக்கணினியும் இருந்தால் ஈரக்காற்று, அசிட்டோன் பற்றிய கவலை இல்லாமல் வாசிக்கலாம். மேடையில் கேட்பவர்களுக்கு வேறுபாடு தெரியாது.

கிங்ஸ் சர்க்கிள் கீபோர்டு:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மறுபடியும் செம்பூர் போய்ச் சோதனை நிலையில் பார்த்தேன். நான்காவது வாய்ஸ் மட்டுமே கரகரக்கிறது. பின்புறச் சீட்டில் 240 வோல்ட் என்று இருக்கிறது. ஒலிகளும் அழியவில்லை. முதல் வரிசையில் ஷெனாய் போலக் குறுகி ஒலிக்கும் ஒன்று இருக்கிறது, கட்டாயம் கம்பெனி வைத்த ஒலி அல்ல.

அந்தேரி நண்பருக்கு: மடிக்கணினி என்னிடம் இருக்கிறது. ஆனால் மிருதங்கக்காரர் கீர்த்தனையின் நடுவில் வேகத்தைக் கூட்டும்போது ஃபில்டரைக் கையால் திறக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் சுட்டியைத் தேட முடிவதில்லை.

இன்னொரு சந்தேகம். தம்புரா பெட்டியை ஓடவிட்டுக் கல்யாணி வாசிக்கும்போது, அந்தர காந்தாரத்தில் நீண்ட நேரம் நின்றால் ஒலி நடுங்குகிறது. சிந்தசைசரை எவ்வளவு துல்லியமாகச் சுருதி சேர்த்தாலும் இது போகவில்லை. இது கருவியின் கோளாறா?

அணுசக்தி நகர் வாசி:

கோளாறு இல்லை, கணக்கு. தம்புராவின் ஷட்ஜத் தந்தியிலேயே ஐந்தாவது ஹார்மானிக்காக, அதாவது ஐந்து மடங்கு அதிர்வெண்ணில், ஓர் அந்தர காந்தாரம் தானாகவே கேட்கிறது. ஒரே ஸ்தாயிக்குள் கொண்டுவந்து பார்த்தால் அது ஷட்ஜத்திலிருந்து 386 சென்ட் தூரத்தில் நிற்கிறது (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட்). கீபோர்டின் காந்தாரமோ சமமாகப் பங்கிட்ட சுரவரிசையில் 400 சென்ட்டில் இருக்கிறது. நடுத்தர சி-யை, அதாவது 261.6 ஹெர்ட்ஸை, ஷட்ஜமாக வைத்தால் கீபோர்டின் காந்தாரம் 329.6 ஹெர்ட்ஸ், தம்புரா எதிர்பார்ப்பது 327. இடைவெளி சிறியதுதான். ஆனால் உங்கள் காந்தாரத்தின் நான்காவது ஹார்மானிக்கும் தம்புராவின் ஐந்தாவது ஹார்மானிக்கும் மோதும்போது அது நான்கு மடங்காகி, நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அதிர்கிறது. நீங்கள் கேட்கும் நடுக்கம் இதுதான்.

ஜூனோ-106இல் இதை மாற்ற வழி இல்லை. அதன் ஆசிலேட்டர்களின் சுருதியை டிஜிட்டல் கடிகாரம் ஒன்று பிடித்து நிறுத்துகிறது. அதனால் பழைய மினிமூகைப் போலச் சூடேறும்வரை சுருதி நழுவாது என்ற நன்மை கிடைக்கிறது, ஆனால் பன்னிரண்டு சுரங்களின் இடைவெளியும் சம இடைவெளியாகவே நிற்கும். மினிலாக் எக்ஸ்டியில் ஒவ்வொரு சுரத்தையும் சென்ட் கணக்கில் நகர்த்தி உங்கள் சுரவரிசையைச் சேமித்து வைக்கலாம். காந்தாரத்தை 14 சென்ட் இறக்கினாலே நடுக்கம் நின்றுவிடும். இந்த வசதியை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு சுருதியும் வந்துவிட்டது என்று விளம்பரத்தில் சொல்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். வாஷி வீணை அவர்கள் எழுதியதுபோல், தோடியின் காந்தாரம் எந்த எண்ணிலும் உட்காராத சுரம். அதற்கு அசைவுதான் தேவை, அட்டவணை அல்ல.

வாஷி வீணை:

முழுமையாக உடன்படுகிறேன். பணம் பொருட்டில்லை என்றால் கட்டையையே பக்கவாட்டில் அசைத்துச் சுருதியை வளைக்கும் ஆஸ்மோஸ் இருக்கிறது; ஏ.ஆர். ரகுமான் மேடையில் வாசித்த கான்டினியம் இன்னொன்று, அதில் கட்டைகளே இல்லாத ஒரே பரப்பு. வீணைத் தந்தியை இழுத்துப் பழகிய கைக்கு இவை உடனே பிடிபடும். ஆனால் உங்கள் மூவர் குழுவில் தனி வாத்தியம் மட்டுமல்லாமல் பின்னணி நிரப்புவதும் உங்கள் வேலைதான் என்று தோன்றுகிறது. அந்த வேலைக்கு 61 முழு அளவுக் கட்டைகள் உள்ள ஜூனோவே மேல். எக்ஸ்டியில் 37 சிறிய கட்டைகள்தாம், நான்கு வாய்ஸ்கள்தாம். ஜூனோவின் கட்டைகள் அழுத்தத்தின் வேகத்தை உணராதவை என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் அதற்கு ஒன்றுதான்.

முலுண்ட் சால்டர்:

240 வோல்ட் சீட்டு என்பது நல்ல செய்தி. ஒரே வாய்ஸ்தான் என்றாலும் ஆறு சிப்புக்கான செலவைக் கழித்துவிட்டே விலை சொல்லுங்கள். அந்தக் குடும்பத்தினரிடம் இந்தக் கோளாறு ஏன் வருகிறது என்பதை மறைக்காமல் விளக்கினால் அவர்களும் புரிந்துகொள்வார்கள். வாங்கியதும் முதல் வேலையாக ஒலிகளைப் பதிவு செய்யுங்கள், அந்த ஷெனாய் ஒலிக்கு ஸ்லைடர்கள் நிற்கும் இடத்தையும் கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அதை எடுக்கும்போது சாக்கெட் ஒன்றைப் பொருத்திவிட்டால் அடுத்த முறை யாரும் பற்றவைக்க வேண்டியதில்லை. ஜூன் மாதத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கி மூடி வைக்காதீர்கள், உள்ளே அகப்பட்ட ஈரம் கட்டைகளுக்கு அடியில் இருக்கும் தொடுமுனைகளைப் பாழாக்கிவிடும். பருத்தித் துணி போதும். செம்பூரிலிருந்து கொண்டுவரும்போது உள்ளூர் ரயிலில் செங்குத்தாக நிறுத்தி வைக்காமல், டாக்ஸியின் பின்னிருக்கையில் படுக்கவைத்தே கொண்டுவாருங்கள்.