மறு: "கட்டுப்பாட்டுக் குழு"வுக்கு மாற்றுச் சொல் – "ஒன்றொழி குழு"

அன்பர்களே, வணக்கம்.

சோதனையில், சோதிக்கிற பொருளைக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைக்கிற குழுவை ஆங்கிலத்தில் கன்ட்ரோல் குரூப் (control group) என்பார்கள்; தமிழில் "கட்டுப்பாட்டுக் குழு" என்று எழுதுகிறோம். அந்தச் சொல்லை மாற்ற வேண்டுமா என்று நம் மடற்குழுவில் ஓடுகிற இழையை முதல் மடலிலிருந்து படித்தேன். மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி, என் பரிந்துரையையும் வைக்கிறேன்.

> "கட்டுப்பாட்டுக் குழு" பாடநூலிலும் நாளிதழிலும் ஏற்கெனவே இருக்கிறது. புழங்குகிற சொல்லை எதற்கு அசைக்க வேண்டும்?

அசைக்கத்தான் வேண்டும் ஐயா. சோதனையில் அது நிற்கிற இடத்துக்கு நேர் எதிரான பொருளை அந்தச் சொல் தருகிறது.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக ஒரு மல்லிகைத் தோட்டத்தில் ஆய்வு செய்தார்கள். மொட்டுப்புழுவுக்கு வேப்பங்கொட்டைச் சாறு கேட்குமா என்பது கேள்வி. சில பாத்திகளில் சாறு தெளிப்பது, சில பாத்திகளைத் தெளிக்காமல் விடுவது என்று திட்டம். தெளிக்காத பாத்தியில் குச்சி நட்டு, "கட்டுப்பாட்டுப் பாத்தி" என்று அட்டை எழுதி மாட்டினார்கள். தோட்டக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இதுலதான் புழுவைக் கட்டுப்படுத்தியிருக்கீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது முழுக்கச் சரி. பூச்சிக் கட்டுப்பாடு, களைக் கட்டுப்பாடு என்று வேளாண்மைத் துறையே அவருக்குச் சொல்லிக் கொடுத்த சொல் அது. மருந்து அடித்த பாத்திக்குப் பொருந்துகிற பெயரை அடிக்காத பாத்திக்கு வைத்திருக்கிறோம்.

மற்ற இடங்களிலும் இதே கதைதான். குடும்பக் கட்டுப்பாடு, ஊர்க் கட்டுப்பாடு, உணவுக் கட்டுப்பாடு என எங்கேயும் கட்டுப்பாடு என்றால் ஒன்றை அடக்கி வைப்பது. "கட்டுப்பாட்டுக் குழுவில் சர்க்கரை அளவு குறையவில்லை" என்று செய்தி வந்தால், அவ்வளவு கட்டுப்பாடாக இருந்துமா குறையவில்லை என்றுதான் படிப்பவர் நினைப்பார். கன்ட்ரோல் என்ற ஆங்கிலச் சொல்லின் வேரில் இந்த அடக்குதல் கிடையாது. கணக்குச் சுருளுக்கு இன்னொரு படி எழுதி வைத்து, இரண்டையும் ஒத்துப் பார்ப்பதிலிருந்து பிறந்த சொல் அது. அடக்குகிற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. நாம் பின்னால் வந்ததை மட்டும் தமிழுக்குக் கொண்டுவந்தோம்.

> கன்ட்ரோல் என்றே எழுதிவிடலாமே? எல்லாருக்கும் புரியும்.

எல்லாருக்கும் தெரிந்த கன்ட்ரோல் வேறு அம்மா. "சுகர் கன்ட்ரோல்ல இருக்கு", "வண்டி கன்ட்ரோல் இல்லாம போச்சு". ஆய்வகத்துக்குள் நமக்குள்ளே பேசிக்கொள்ள அது போதும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் அந்தத் தோட்டக்காரருக்கும் போதாது.

> ஒப்பீட்டுக் குழு என்பதில் என்ன குறை?

இழையில் வந்ததிலேயே நல்ல சொல் இதுதான். பெரிய குறை இல்லை, ஆனால் பாதிதான் சொல்கிறது. எதையும் எதோடும் ஒப்பிடலாம். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், வைட்டமின் சி குறைவால் வருகிற ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆறு இணைக்கும் ஆறு விதமாகக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் மளமளவென்று தேறினார்கள். அருமையான ஒப்பீடு. ஆனால் ஆறு இணையில் ஒன்றையும் இன்று நாம் சொல்கிற பொருளில் கன்ட்ரோல் என்று சொல்ல முடியாது. எல்லாருக்கும் ஏதோ ஒன்று கொடுத்தார்.

அதற்கும் முன்னால், 1668-இல், இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி செய்த சோதனையைப் பாருங்கள். அழுகும் இறைச்சியிலிருந்து புழு தானாகவே பிறக்கிறது என்று உலகம் நம்பிய காலம். சாடிகளில் இறைச்சி வைத்தார். திறந்த சாடியில் புழு வந்தது, இறுக மூடிய சாடியில் வரவில்லை. ஈ போகாததால் புழு இல்லை என்றால், காற்றும்தான் போகவில்லையே, அதனால் இருக்கலாம் அல்லவா? மூடிய சாடியில் ஒரே நேரத்தில் ஈயும் இல்லை, காற்றும் இல்லை. எது காரணம் என்று எப்படிச் சொல்வது? அடுத்த தடவை சாடியின் வாயை மெல்லிய வலைத்துணியால் கட்டினார். காற்று போகும், நாற்றம் வெளியே வரும், ஈ மட்டும் போகாது. இறைச்சியில் புழு இல்லை. இந்த வலைத்துணிதான் எனக்கு முக்கியம். இரண்டு சாடிக்கும் இடையே இருந்த வேறுபாடுகளை அது ஒன்றே ஒன்றாகக் குறைத்துவிட்டது.

நம் பக்கத்துச் சோதனை ஒன்றும் இருக்கிறது. மதுரை அரவிந்த் மருத்துவமனை மருத்துவர்கள் முன்னின்று திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் 15,419 சிறு குழந்தைகளிடம் ஓராண்டு நடத்தி, 1990-இல் வெளியிட்டது. ஒரு சாரார்க்கு வாரம் ஒருமுறை வைட்டமின் ஏ-யும் ஈ-யும் சேர்த்துக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஈ மட்டும். அவர்கள் வீட்டுக்கும் அதே போல வாரம் தவறாமல் ஆள் போனது, அதே போல மருந்து வாயில் விழுந்தது. வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளில் இறப்பு மற்றவர்களில் இருந்ததில் பாதிக்கும் கீழே இருந்தது. வாராவாரம் ஒருவர் வந்து விசாரித்ததால் பிள்ளை பிழைத்தது என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. அந்த விசாரிப்பு இரண்டு பக்கமும் இருந்தது. அந்த இரண்டாவது குழுவை "எதுவும் கொடுக்காத குழு" என்றாலும் தப்பு, "கட்டுப்பாட்டுக் குழு" என்றாலும் தப்பு. ஒன்று ஒழிய மற்றதெல்லாம் பெற்ற குழு அது.

ஆகவே என் பரிந்துரை: ஒன்றொழி குழு, ஒன்றொழி பாத்தி, ஒன்றொழி சோதனை.

"ஒன்றொழி" நம் இலக்கணத்தில் இருக்கிற ஆட்சி. இருபாலுக்கும் பொதுவான சொல் ஒரு பாலை ஒழித்து மற்றதை மட்டும் உணர்த்தினால் அதை ஒன்றொழி பொதுச்சொல் என்பார்கள். பொதுமை, அதில் ஒன்று மட்டும் விலகுவது – நமக்கு வேண்டிய இரண்டு கருத்தும் அதிலேயே இருக்கின்றன.

எனக்கு இதில் இன்னும் பிடித்தது, இந்தச் சொல் ஒரு கேள்வியைக் கையோடு கொண்டுவருகிறது. ஒன்றொழி என்றதும், எது அந்த ஒன்று என்று கேட்டே ஆக வேண்டும். எங்கள் பிள்ளைகளிடம் இந்தச் சொல்லைச் சொன்னபோது உடனே நடந்தது இதுதான். "அப்போ இந்தப் பாத்தியில சாறு மட்டும்தானே ஒழியணும்? அங்க சோப்புத் தண்ணியும் சேர்ந்துல்ல விழுது?" என்றாள் ஒரு பெண். வேப்பங்கொட்டைச் சாறு இலையில் ஒட்டுவதற்காகச் சோப்புக் கரைசல் கலந்துதான் தெளிக்கிறோம். வெறுமனே விட்ட பாத்தியில் சாறும் இல்லை, சோப்பும் இல்லை, செடி நனையவும் இல்லை. மூன்று ஒழிந்திருக்கிறது! அதற்கப்புறம் அந்தப் பாத்திகளிலும் அதே நேரத்தில், அதே கைத்தெளிப்பானால், சோப்புத் தண்ணீர் மட்டும் தெளித்தார்கள். அட்டையில் "சாறொழி பாத்தி" என்று அவர்களாகவே எழுதினார்கள். "ஒன்று" இருந்த இடத்தில் ஒழிந்த பொருளின் பெயரையே வைத்துக்கொள்ளலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை, அவர்களுக்குத் தோன்றியது. ரெடியின் சாடியை "ஈயொழி சாடி" என்றால் விளக்கமே வேண்டாம். தோட்டக்காரரும் அட்டையைப் படித்துவிட்டு, "சாறு இல்லாததா, சரி" என்று போய்விட்டார்.

வரக்கூடிய மறுப்புகள்:

"ஒழி" வசைபோல இருக்கிறது, கொசு ஒழிப்பு நினைவுக்கு வருகிறது என்று சிலர் சொல்லலாம். "அவன் ஒழிய எல்லாரும் வந்தார்கள்" என்பது இன்னும் வழக்கில் இருக்கிறது. முன்னால் "ஒன்று" சேர்ந்ததும் அழித்தல் பொருள் பின்வாங்கிவிடுகிறது. "ஒன்றுவிட்ட குழு" என்றும் யோசித்தேன், சித்தப்பா மகன் மாதிரி ஒலிக்கிறது. "ஒப்புக்குழு" சுருக்கமானதுதான், ஆனால் ஒப்புக்குச் சப்பாணி என்று விளையாடிய யாருக்கும் அது பேருக்குச் சேர்த்த குழு. "இணைவைப்பு" கூடவே கூடாது; இசுலாமிய நண்பர்களுக்கு அது இறைவனுக்கு இணை கற்பிக்கிற பாவத்தின் பெயர்.

எந்திரக் கற்றலில் (கணினி தரவுகளைப் பார்த்துக் கற்றுக்கொள்கிற துறை) ஒரு தரவை மட்டும் விலக்கி வைத்துச் சரிபார்க்கும் முறைக்கு இந்தச் சொல்லைக் கேட்பார்கள். அதற்கு "ஒருதரவு விலக்கு" என்றே வைக்கலாம்.

இன்னொரு வகை பாக்கி இருக்கிறது. விளைவு கட்டாயம் வரும் என்று தெரிந்த ஒன்றையும் சோதனையோடு சேர்த்து ஓட்டுவோமே, கருவியும் கரைசலும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்க. அங்கே ஒன்றும் ஒழிவதில்லை, ஒன்றொழி பொருந்தாது. அதற்கு உரையாணி என்று முன்மொழிகிறேன். மதுரைத் தெற்காவணி மூல வீதி நகைப் பட்டறைகளில் உரைகல்லில் மாற்று, அதாவது பொன்னின் தரம், பார்த்தவர்களுக்குத் தெரிந்த பொருள்: நகையை ஒரு கோடு உரைத்து, பக்கத்திலேயே மாற்று தெரிந்த ஆணியால் இன்னொரு கோடு உரைத்து, இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். தெரிந்த ஒன்றைத் தெரியாததன் பக்கத்தில் வைப்பது. மருத்துவ ஆய்வகத்தில் வேலை பார்க்கிற அன்பர்கள் இது ஒத்துவருமா என்று சொல்லுங்கள்.

சோதனை முழுவதும் மாறாமல் பிடித்து வைக்கிற வெப்பம், ஈரம் போன்றவற்றுக்கு "கட்டுப்படுத்திய காரணிகள்" என்பது இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே உண்மையிலேயே கட்டுப்படுத்துகிறோம்.

சந்தி பற்றி: "ஒன்றொழி பொதுச்சொல்"லில் ஒற்று மிகவில்லை. அதையே பின்பற்றி ஒன்றொழி குழு, ஒன்றொழி பாத்தி என்று ஒற்றில்லாமல் எழுதலாம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள், சொற்பட்டியலில் ஏற்றுவதற்கு முன் சரிசெய்துவிடுவோம்.

அன்புடன்,
உசிலம்பட்டியிலிருந்து