புளியரை எடைமேடை: பாக்ஸ் பிசி தானாக ரீஸ்டார்ட், எடையில் பாதி எண் தப்பு

எடைமேடை_தென்காசி

வணக்கம் அண்ணாச்சிமாரே. புளியரை செக்போஸ்ட்டுக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள எடைமேடை. எம்-சாண்ட், ஜல்லி ஏற்றிக் கேரளா போகிற வண்டிகள்தான் அதிகம். பழைய டெஸ்க்டாப் கல்தூசியில் போய்விட்டதால் ஃபேன் இல்லாத இண்டஸ்ட்ரியல் பாக்ஸ் பிசி போட்டிருக்கிறோம். லேபிளில் 9–36 வோல்ட் டிசி என்று இருக்கிறது. ஆபீஸ் அறையில் இன்வெர்ட்டர் பக்கத்தில் 12 வோல்ட் 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (ஏசியை டிசியாக்கும் பவர் சப்ளை). அங்கிருந்து 1 ஸ்கொயர் (சதுர மி.மீ.) காப்பர் ஒயர் 20 மீட்டர் ஓடி மேடை கேபினுக்கு வருகிறது. எடை காட்டும் இண்டிகேட்டர் ஆர்எஸ்-232 சீரியல் கேபிளில் பிசியின் காம்1 போர்ட்டுக்கு. விண்டோஸ் 10.

சும்மா இருக்கும்போது நாள் முழுக்க ஓடுகிறது. வண்டி ஏறி, இரண்டு கேமரா படமும் எடுத்து, சீட்டு அடிக்கும் நேரத்தில் பொசுக்கென்று அணைந்து மறுபடி எழும்புகிறது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 (முறையாக மூடாமல் அணைந்ததாக ஒரு பதிவு) மட்டும்தான். நீலத்திரை கிடையாது.

எடையும் விசித்திரமாக வருகிறது. இண்டிகேட்டரில் 12560 என்றால் திரையில் ±²560. ஆனால் 30650 வந்த வண்டிக்கு அப்படியே சரியாக விழுகிறது. காலையில் ஆன் செய்ததும் மவுஸ் அம்பு தானாக ஓடி எதையாவது கிளிக் செய்கிறது. கரண்ட் ரொம்ப நேரம் போய் இன்வெர்ட்டரும் இறங்கிவிட்டால், திரும்ப வரும்போது பிசி தானாக ஆன் ஆவதில்லை, தேதியும் பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது.

விற்றவர் மதர்போர்டு மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

கஞ்சிக்கோடு_பேனல்

மதர்போர்டைத் தொடாதீங்க. உங்க ஒயர் கணக்கே பதில் சொல்லுது.

20 மீட்டர்னா போக வர 40 மீட்டர். 1 ஸ்கொயர் காப்பர் அந்த நீளத்துக்கு சுமார் 0.7 ஓம். பாக்ஸ் பிசிக்குள்ள இருக்கிற கன்வெர்ட்டர் வாட்டைத்தான் கேட்கும், வோல்டேஜ் இறங்கினா அதுக்கு ஈடா ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். ஆம்பியர் கூடினா ஒயர்ல இன்னும் இறங்கும். சும்மா இருக்கும்போது 20 வாட்னு வைங்க, பிசி முனையில 10.7 வோல்ட் கிடைக்கும், ஓடும். கேமரா, பிரின்ட்னு சிபியு முறுக்கி 40 வாட் போனா அதே முனையில 8.8 வோல்ட். லேபிள்ல குறைந்தபட்சம் 9. அதுக்குக் கீழே போனதும் பிசி தன்னைத்தானே வெட்டிக்கும். அந்த 41 பதிவைத் திறந்து பக்செக்கோடு (விண்டோஸ் விழுந்த காரணத்தோட குறியீடு) பாருங்க. பூஜ்யமா இருந்தா பெரும்பாலும் விண்டோஸ் விழலை, சப்ளைதான் போயிருக்கும்.

நம்புறதுக்கு முன்னாடி அளந்துடுங்க. மல்ட்டிமீட்டரை எஸ்எம்பிஎஸ்ல வைக்காதீங்க, அங்க எப்பவும் 12 தான் காட்டும். பிசியின் டெர்மினல் ஸ்க்ரூவிலேயே வைங்க. இறக்கம் நொடிக்கும் குறைவா இருக்கும், கண்ணுக்குத் தப்பிடும். மின்-மேக்ஸ் வசதி உள்ள மீட்டரா இருந்தா நல்லது.

தீர்வு 24 வோல்ட். 24 வோல்ட் 5 ஆம்பியர் டின் ரெயில் எஸ்எம்பிஎஸ் போட்டா இதே ஒயர்ல 40 வாட்டுக்கும் 22.8 வோல்ட் கிடைக்கும். 12-லேயே இருந்துக்கிட்டு 2.5 ஸ்கொயர் ஒயர் மாத்தினாலும் 11 வோல்ட் வரும், ஆனா முனை துருப்பிடிச்சா மறுபடி இதே கதைதான். நான் 24-தான் சொல்வேன். மாத்துறதுக்கு முன்னாடி அந்த 12 வோல்ட் லைன்ல கேமராவோ ரவுட்டரோ தொங்குதான்னு பாத்துப் பிரிச்சுடுங்க, அதுங்க 24-ல கருகிடும். ஒயர் முனையில 'பின் லக்' (ஊசி மாதிரி உலோக முனை) அடிச்சு டெர்மினல்ல இறுக்குங்க, வெறும் இழையைத் திணிக்காதீங்க. வண்டி அதிர்வுல ஸ்க்ரூ தளரும், மாசம் ஒரு தடவை இறுக்கணும்.

பாரிட்டி_பிட்

எடை எண் விஷயம் கேபிள் கோளாறு அல்ல. கேபிள் கெட்டால் தப்பு எப்படி வேண்டுமானாலும் வரும். உங்களுக்கு 0, 5, 6, 3 சரியாகவும் 1, 2 மட்டும் தப்பாகவும் வருகிறது. இண்டிகேட்டர் 7 பிட், ஈவன் பாரிட்டி (ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை ஆகும்படி சேர்க்கும் சரிபார்ப்பு பிட்), 1 ஸ்டாப் என்று அனுப்புகிறது. உங்கள் மென்பொருள் 8 பிட், பாரிட்டி இல்லை என்று படிக்கிறது.

ஏன் சில எண் மட்டும் தப்பிக்கிறது? ஆஸ்கி குறியீட்டில் 5 என்பது 0110101, அதில் நான்கு ஒன்றுகள். இரட்டைப்படை, அதனால் பாரிட்டி பிட் 0, எழுத்து மாறாது. 1 என்பது 0110001, மூன்று ஒன்றுகள். பாரிட்டி பிட் 1 ஆகிறது, உங்கள் பிசி அதையும் எழுத்தின் எட்டாவது பிட்டாக எடுத்துக்கொண்டு ± என்று காட்டுகிறது. இந்தக் கணக்குப்படி 0, 3, 5, 6, 9 சரியாக வரும். 1, 2, 4, 7, 8 கெடும். ஒரு நாள் சீட்டுகளை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், இம்மி பிசகாது. மென்பொருளின் போர்ட் அமைப்பில் 7, ஈவன், 1 என்று மாற்றுங்கள். பாட் ரேட் (அனுப்பும் வேகம்) இப்போதே சரிதான், இல்லாவிட்டால் ஓர் எண்கூட ஒழுங்காக வராது. இண்டிகேட்டரைத் திறந்து உள்ளே எதையும் மாற்றப் போகாதீர்கள், எடையளவுத் துறை முத்திரை உடைந்தால் அது வேறு வழக்கு.

மவுஸ் தானாக ஓடுவதும் இதே போர்ட்டால்தான். இண்டிகேட்டர் நிற்காமல் எடையை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. விண்டோஸ் எழும்பும்போது காம்1-ல் ஏதோ வருவதைப் பார்த்துப் பழைய சீரியல் மவுஸ் என்று நினைத்துவிடுகிறது. டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பிரிவில் 'மைக்ரோசாஃப்ட் சீரியல் பால்பாயின்ட்' என்று ஒன்று நிற்கும். அதை அன்இன்ஸ்டால் செய்தால் அடுத்த முறை திரும்ப வரும், டிசேபிள் செய்யுங்கள். நிரந்தரமாக வேண்டுமானால் ரெஜிஸ்ட்ரியில் சர்வீசஸ் பகுதியில் செர்மவுஸ் (sermouse), அதன் ஸ்டார்ட் மதிப்பை 3-லிருந்து 4 ஆக்குங்கள். யுஎஸ்பி மவுஸுக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

சிஆர்2032

தேதி போவதும் தானாக ஆன் ஆகாததும் ஒரே காரணம்: பயாஸ் (பிசியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) பேட்டரி. அது செத்துவிட்டால் தேதியோடு பயாஸ் அமைப்புகளும் போய்விடும். அளந்து 2.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். பல இண்டஸ்ட்ரியல் போர்டில் பேட்டரி ஒயரும் இரண்டு பின் கனெக்டருமாக இருக்கும், அதே மாதிரி கேட்டு வாங்குங்கள். முதலில் பேட்டரி, பிறகுதான் பயாஸ். பவர் போய் வந்தால் என்ன செய்வது என்ற இடத்தில் 'பவர் ஆன்' வையுங்கள். பெட்டியில் ஏடி/ஏடிஎக்ஸ் (பவர் வந்ததும் தானாக எழும்புவதா, பட்டனுக்குக் காத்திருப்பதா என்ற) சுவிட்ச் இருந்தால் ஏடி பக்கம் தள்ளினாலும் கரண்ட் வந்ததும் எழும்பும். காம்1 ஆர்எஸ்-232-ல் இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள்; சில போர்டுகள் ஆர்எஸ்-485 என்ற வேறு சீரியல் முறைக்கு மாறிக்கொள்ளும், பிறகு எடையே வராது.

எடைமேடை_தென்காசி

பிசி முனையில் அளந்தோம். சும்மா 10.6, சீட்டு அடிக்கும்போது மீட்டர் பிடித்த குறைந்த அளவு 8.9. 24 வோல்ட் சப்ளை போட்டாயிற்று. 7-ஈவன்-1 வைத்ததும் எல்லா எண்ணும் சரி. பேட்டரி 2.3 வோல்ட்தான் இருந்தது, மாற்றியாகிவிட்டது. ரொம்ப நன்றி.

இன்னொன்று. கேபினில் ஐபி65 (தூசியும் தண்ணீர்ப் பீய்ச்சலும் புகாத தரம்) டச் பேனல் பிசி ஒன்றும் வைக்கப் போகிறோம். ஆனியிலிருந்து ஆவணி வரை கணவாய் வழியாகச் சாரல் நேராக ஜன்னலில் அடிக்கும். ஐபி65 என்றால் தைரியமாக வைக்கலாமா? ஐப்பசியில் இடியும் பயம்.

கஞ்சிக்கோடு_பேனல்

லேபிளை நல்லா படிங்க. பேனல் பிசியில பெரும்பாலும் 'முன்பக்கம் ஐபி65'னுதான் இருக்கும். பின்னாடி போர்ட் எல்லாம் திறந்தே கிடக்கும். இரும்புப் பெட்டியில முகப்பு மட்டும் வெளிய தெரியற மாதிரி வெட்டிப் பொருத்தினாத்தான் அந்த ஐபி65-க்கு அர்த்தம். ரப்பர் கேஸ்கெட் மடங்காம, கிளாம்ப் எல்லாத்தையும் ஒரே அளவா இறுக்கணும். கேபிள் கிளாண்ட் (ஒயர் நுழையற இடத்து அடைப்பு) பெட்டியின் அடிப்பக்கம் மட்டும். ஒயரை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு மேலே ஏத்துங்க, தண்ணி வளைவுலேயே சொட்டிடும்.

சாரல் காலத்துல ராத்திரி பிசியை அணைக்காதீங்க. சூடா இருக்கிற போர்டுல ஈரம் படியாது. அணைச்சுக் குளிர்ந்தாத்தான் உள்ளே வியர்க்கும். பாக்ஸ் பிசியையும் படுக்க வைக்காம, துடுப்பு மேலிருந்து கீழா நிக்கிற மாதிரி மாட்டுங்க. அதுல படியற கல்தூசியை வாரம் ஒரு தடவை உலர்ந்த பிரஷ்ஷால தட்டிடணும். பெட்டியே அதோட ஹீட்சிங்க், சூட்டை வெளியேத்துறது அதுதான்.

இடிக்கு: மேடை இரும்புக்கு ஒரு எர்த், ஆபீஸுக்கு வேற எர்த்னு இருந்தா பக்கத்துல இடி விழும்போது ரெண்டுக்கும் நடுவே வர்ற வோல்டேஜ் சீரியல் கேபிள் வழியாத்தான் பாயும். ரெண்டு எர்த்தையும் கனமான கம்பியால இணைங்க. காம்1-க்கு முன்னாடி ஆப்டிக்கல் ஐசொலேட்டர் (மின் இணைப்பு இல்லாம ஒளி வழியா சிக்னலைக் கடத்துறது) ஒண்ணு, ஏசி லைன்ல டைப் 2 சர்ஜ் புரொடெக்டர் (திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் தடுக்கிறது) ஒண்ணு. காம் போர்ட் போயிடுச்சோன்னு சந்தேகம் வந்தா கேபிளைக் கழட்டி, பிசி பக்கம் 2-ம் 3-ம் பின்னை ஒரு கம்பியால சேர்த்து டெர்மினல் புரோகிராம்ல டைப் பண்ணுங்க. அடிச்ச எழுத்து திரும்பி வந்தா போர்ட் உயிரோட இருக்கு.

மேடையில வெல்டிங் வைக்கிற அன்னைக்கு லோடு செல் (மேடைக்கு அடியில எடையை உணர்ற சென்சார்) ஒயரை ஜங்ஷன் பாக்ஸ்ல பிரிச்சு, சீரியல் கேபிளையும் பிசியிலிருந்து உருவிடுங்க. வெல்டிங் எர்த் கிளாம்ப்பை வெல்டு வைக்கிற இடத்துக்கு ஒட்டியே மாட்டச் சொல்லுங்க.