புதுப்பிப்பு: மெக்னீசியம் ஹைட்ரைடும் வினையூக்கியும்

ஹைட்ரஜனைச் சேமித்து வைக்க உதவும் மெக்னீசியம் ஹைட்ரைடு (மெக்னீசியமும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மம்) எடையில் 7.6 சதவீதம் ஹைட்ரஜனைத் தாங்கினாலும் அதை வெளியே விடுவதில் ரொம்ப மந்தம் என்று முன்பு எழுதியிருந்தேன். "வினையூக்கி சேர்த்தால் அறை வெப்பநிலையிலேயே வந்துவிடாதா?" என்று கேட்டிருந்தீர்கள்.

வராது. வினையூக்கி வேகத்தைக் கூட்டும், அவ்வளவுதான். பிணைப்பை உடைக்க ஒரு மோல் ஹைட்ரஜனுக்குச் சுமார் 75 கிலோஜூல் கொடுத்தே ஆக வேண்டும். 1 பார் அழுத்தத்தில், அதாவது ஏறக்குறைய சாதாரணக் காற்றழுத்தத்தில், அதற்கு ஏறக்குறைய 280 டிகிரி செல்சியஸ் தேவை.

அந்தச் சூட்டில் வேகம் கிடைப்பதே பெரிய விஷயம். உலோகத்தின் மேல் ஆக்சைடு படலம் தடுக்கிறது; உள்ளே ஹைட்ரைடு அடுக்கு வழியாக ஹைட்ரஜன் ஊர்ந்துதான் போகும். பந்து ஆலையில் (உள்ளே பந்துகள் மோதி அரைக்கும் எந்திரம்) அரைத்துத் துகளைப் பொடியாக்கி, வினையூக்கியாகக் கொஞ்சம் நையோபியம் ஆக்சைடு சேர்த்தால் 300 டிகிரியில் சில நிமிடங்களில் வேலை முடிகிறது.

சோடியம், அலுமினியம், ஹைட்ரஜன் மூன்றும் சேர்ந்த இன்னொரு சேமிப்புப் பொருளான சோடியம் அலனேட்டின் கதை வேறு. அது ஹைட்ரஜனைப் படிப்படியாக விடும்; முதல் படிக்கு வெப்ப இயக்கவியல் சாதகம்தான், அதாவது அவ்வளவு சூடு தேவையில்லை, சிக்கல் வேகத்தில் மட்டும். அதனால்தான் 1997-இல் பொக்டானோவிச், ஷ்விக்கார்டி என்ற ஆய்வாளர்கள் வினையூக்கியாகச் சேர்த்த டைட்டானியம் அப்படி எடுபட்டது.

சரி, பெரிய தொட்டி என்றால்? அங்கே ஹைட்ரஜனை நிரப்பும்போது கிளம்பும் வெப்பத்தை வெளியேற்றுவதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அதற்காகவே பொடியோடு, வெப்பத்தை நன்றாகக் கடத்தும் கிராஃபைட்டைக் கலந்து அழுத்துகிறார்கள்.